பெட்டி எழும்பாதபோது முதலில் ஒயிலைப் பாருங்கள்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, ராகலை வரையுள்ள மரக்கறித் தோட்டங்களுக்கு மாட்டெருவும் கோழி எருவும், வீடு கட்டுபவர்களுக்குக் கல்லும் மணலும், தேயிலை ஸ்டோர்களுக்கு விறகும் ஏற்றிக் கொடுப்பது எங்கள் குடும்பத் தொழில். அதற்கென ஒரு மெஸி பேர்குசன் 240 ட்ரக்டரும், தூக்கிச் சாய்த்துக் கொட்டுவதற்கு அடியில் ஹைட்ரோலிக் ஜெக் (ஒயில் அழுத்தத்தில் தண்டு நீண்டு பெட்டியைத் தூக்கும் கருவி) பூட்டிய இரண்டு டிப்பர் பெட்டிகளும் வைத்திருக்கிறோம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சந்தித்துக்கொண்டால், லோடோடு பெட்டி எழும்பாமல் நின்றுபோன கதை ஒன்றாவது வராமல் பேச்சு முடியாது. அந்தக் கதைகள் பெரும்பாலும் "பம்ப் போய்விட்டது" என்றோ "ஜெக் சீல் போய்விட்டது" என்றோதான் முடியும்; இரண்டுக்குமே கராஜில் பெரிய தொகை போகும்; அந்தத் தொகையைக் கொடுத்த பிறகும் கோளாறு அப்படியே நின்ற இடங்களும் உண்டு. நான் கண்டவரையில் இவற்றில் பெரும்பகுதி ஒயிலிலேயே தொடங்குகிறது. மலைநாட்டின் மழையும் குளிரும் சரிவும் அந்த ஒயிலை எப்படிக் கெடுக்கின்றன, ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தால் நம்மைப் போன்ற சிறிய ஆட்களின் காசு வீணாகாது என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒயில் எங்கே இருக்கிறது என்பதில் தெளிவு வேண்டும். மெஸி 240 போன்ற ட்ரக்டர்களில் ஹைட்ரோலிக்குக்கெனத் தனித் தாங்கி கிடையாது. கியரை நனைக்கும் ஒயிலைத்தான் பம்ப் உறிஞ்சி, ஹோஸ் வழியாகப் பெட்டியின் ஜெக்குக்கு அனுப்புகிறது. பெட்டியை இறக்கும்போது, அதன் பாரமே ஜெக்கை அழுத்தி, போன ஒயிலை வந்த வழியே கியர்பெட்டிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே ஒவ்வொரு முறை பெட்டி எழும்பி இறங்கும்போதும், ஜெக்கிலும் ஹோஸிலும் இருந்த அழுக்கும் தண்ணீரும் ட்ரக்டரின் கியர்பெட்டிக்குள் வந்து சேருகின்றன. இன்று என் பெட்டியைப் பூட்டிய ட்ரக்டருக்கு நாளை வேறொருவருடைய பெட்டியைப் பூட்டினால், என் ஒயிலில் ஒரு பங்கு அவருடைய ஜெக்கில் தங்கிவிடும். பெட்டிகளை இரவல் கொடுத்து வாங்கும் பழக்கம் உள்ள எங்கள் பக்கத்தில் ஒயில் கெடுதி இப்படித்தான் ஒரு ட்ரக்டரிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுகிறது. பேட்டரியில் ஓடும் சிறிய பம்பும் தனித் தாங்கியும் பெட்டியிலேயே பூட்டப்பட்டிருந்தால் இந்தப் பரவல் இல்லை. மற்றபடி கீழே சொல்வதில் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் ட்ரக்டரில் பெட்டி மெதுவாக எழும்பத் தொடங்கியது. பாதி வரை வந்து ஒரு குலுக்கலோடு நின்று, பிறகு மீண்டும் எழும்பியது. பம்பிலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் கேட்டது. பார்க்க வந்த மெக்கானிக், "அண்ணே, பம்பை இறக்கிப் பார்த்திடுவோம், கொழும்பில பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பினா சாமான் எடுக்கலாம்" என்று ஒரே பேச்சில் சொல்லிவிட்டார். அதற்கு முன் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கம்பியின் நுனியில் ஒட்டியிருந்த ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தது. விரலில் தேய்த்தபோது வழக்கமான வழுவழுப்பு குறைந்து, நுரைத்த சவர்க்காரம் போன்ற உணர்வு இருந்தது. அன்றைக்குச் சில கிழமைகளுக்கு முன் எங்கள் பெட்டியை இரவல் வாங்கிப்போன ஒருவர் ஹோஸின் நுனியை மூடாமல் மழையில் போட்டு வைத்திருந்ததும், அவருடைய ட்ரக்டரின் ஒயில் அதற்கு முன்பே மங்கியிருந்ததும் விசாரித்தபோது தெரியவந்தது. பம்பை இறக்கவில்லை. தண்ணீரை வெளியேற்றி ஒயிலை மாற்றிய பின், அதே பம்ப் இன்றுவரை வேலை செய்கிறது.

ஒயில் வெளிறித் தெரிந்தால் அதற்குத் தண்ணீரும் காரணமாக இருக்கலாம், காற்றும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவதற்குச் செலவே இல்லை. ட்ரக்டர் ஓடி ஒயில் சூடாக இருக்கும்போதே, தெளிவான கண்ணாடிப் போத்தல் ஒன்றில் அரைவாசி எடுத்து, அசையாத இடத்தில் வைத்துவிட வேண்டும். காற்றுக் குமிழிகளால் வெளிறியிருந்தால் குமிழிகள் மேலே ஏறிக்கொண்டே போக, அடியிலிருந்து ஒயில் தெளிந்து வரும்; ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பழைய நிறம் திரும்பிவிடும். தண்ணீர் கலந்திருந்தால் மங்கல் அப்படியே நிற்கும், அல்லது மறுநாள் காலையில் போத்தலின் அடியில் தண்ணீர் ஒரு பட்டையாகப் படிந்திருக்கும். ட்ரக்டர் ஒயிலில் சேர்க்கப்படும் இரசாயனங்கள் தண்ணீரைத் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், அடியில் தண்ணீர் பிரியவில்லை என்பதை மட்டும் வைத்துத் தண்ணீர் இல்லை என்று முடிவெடுக்கக் கூடாது.

சந்தேகம் தீராவிட்டால் சூட்டுச் சோதனை இருக்கிறது. தடித்த இரும்புத் தகடு ஒன்றை, தண்ணீர் கொதிக்கும் சூட்டை விட நன்றாக மேலே, ஆனால் ஒயில் புகையாத அளவுக்குச் சூடாக்கி, ஒயிலில் ஒரு துளியை அதன் மேல் விட வேண்டும். தண்ணீர் இருந்தால் துளி படபடவென்று பொரிந்து சிறு குமிழிகளை விடும். இல்லாவிட்டால் அமைதியாகப் பரவும். ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீரைக்கூட இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். கண்ணில் தெறிக்காமல் கண்ணாடி அணிந்து, ட்ரக்டருக்கும் டீசல் கேனுக்கும் தூரத்தில், திறந்த வெளியில் செய்ய வேண்டும்.

நிறத்தோடு மணத்தையும் பார்க்க வேண்டும். கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் ஒயில் மிதமிஞ்சிச் சூடேறியிருக்கிறது. பெட்டி உச்சிக்குப் போன பிறகும், அல்லது பாரம் தாங்காமல் நின்ற பிறகும், லீவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பழக்கம் இதற்குப் பெரிய காரணம். அப்போது ஒயில் முழுவதும் அழுத்த விடுவிப்பு வால்வின் வழியே பாய்ந்து, வேலை எதுவும் செய்யாமல் சூட்டை மட்டும் உண்டாக்குகிறது. ஒயிலில் வெயில் படும்போது மினுமினுப்பான தூள் தெரிந்தால் உலோகம் தேய்கிறது என்று பொருள். அந்த நிலையில்தான் மெக்கானிக் சொல்வது போலப் பம்பை இறக்குவதற்கு நியாயம் இருக்கிறது.

தண்ணீர் உள்ளே போகும் வழிகளில் முதலாவது, ஹோஸை ட்ரக்டரோடு பூட்டும் இணைப்பான கப்ளர். பெட்டியைக் கழற்றியதும் ஹோஸின் நுனியைக் கீழே விட்டுவிடுகிறோம். அது சேற்றிலும் எருவிலும் கிடக்கிறது. கப்ளரின் நடுவில் ஒரு குண்டோ சிறு வால்வோ அடைத்துக்கொண்டிருந்தாலும், அதைச் சுற்றியுள்ள குழியில் ஒரு தேக்கரண்டி அளவு சேற்றுத் தண்ணீர் நின்றுவிடும். அடுத்த முறை பூட்டும்போது அது முழுவதும் உள்ளே தள்ளப்படுகிறது. ஒரு முறைக்கு அது ஒன்றுமில்லை. மழைக்காலம் முழுவதும் நாளுக்குப் பல முறை கழற்றிப் பூட்டினால் அதுவே கியர்பெட்டியை மங்கலாக்கப் போதும். இதனால் ஒவ்வொரு கப்ளருக்கும் ரப்பர் மூடியைச் சங்கிலியோடு கட்டியிருக்கிறோம். பெட்டியின் முன்பக்கச் சட்டத்தில், நிலத்திலிருந்து இடுப்பளவு உயரத்தில், ஹோஸைத் தொங்கவிட ஒரு கொக்கியும் ஒட்ட வைத்திருக்கிறோம். பூட்டுவதற்கு முன் இரண்டு நுனிகளையும் நூல் உதிராத துணியால் துடைக்க வேண்டும்.

இரண்டாவது வழி ஜெக்கின் தண்டு. பெட்டியைத் தூக்கிய நிலையில் கழுவிவிட்டு அப்படியே விட்டுச் சென்றால், பளபளப்பான தண்டில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். அந்தத் துருப்புள்ளிகள், ஒயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் சீலின் உதட்டை ஒவ்வொரு முறையும் சுரண்டும். கோழி எரு ஏற்றுபவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்; ஈரமான கோழி எரு உலோகத்தை விரைவாக அரிக்கிறது. எரு இறக்கிய நாளில் தண்டைச் சுத்தமான தண்ணீரால் கழுவி, துடைத்து, பெட்டியை முழுவதும் இறக்கித் தண்டு உள்ளே போன நிலையில் நிறுத்துவதே சரி. அழுத்தத்தோடு பீய்ச்சும் கழுவும் இயந்திரத்தைச் சீலுக்கு நேராகப் பிடிக்கவே கூடாது.

மூன்றாவது வழியைப் பலர் நினைப்பதில்லை: புதிய ஒயிலே தண்ணீரோடு வருவது. 200 லீற்றர் பரலை மழை படும் இடத்தில் நேராக நிமிர்த்தி வைத்தால், விளிம்புக்குள் தண்ணீர் தேங்கி மூடியை மூழ்கடித்துவிடும். பகல் வெயிலில் பரலுக்குள் உள்ள காற்று விரிந்து சிறிது வெளியேறும். இரவுக் குளிரில் சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அதன் மேல் நிற்கும் தண்ணீர் துளித்துளியாக உள்ளே இழுக்கப்படும். பகலுக்கும் இரவுக்கும் இவ்வளவு வெப்ப வேறுபாடு உள்ள எங்கள் ஊரில் இது சிறிய விடயம் இல்லை. பரலைக் கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். இடமில்லாவிட்டால் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில், உள்ளேயிருக்கும் ஒயிலின் மட்டத்துக்குக் கீழே நிற்கும்படி உருட்டி வைக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஒயில் விலை ஏறிய பிறகு, திறந்த பரலிலிருந்து அளந்து கொடுக்கும் ஒயிலை வாங்குவோர் அதிகரித்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முழுக் கேனுக்குக் கொடுக்கும் தொகை ஒரு குடும்பத்துக்குச் சின்னக் காசு இல்லை. ஆனால் வாங்கியதை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும் என்பதை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

தண்ணீர் கலந்த ஒயிலை மாற்றும்போதுதான் வேலையில் பாதி விடுபட்டுப்போகிறது. கியர்பெட்டியின் அடி நட்டைக் கழற்றிப் பழைய ஒயிலை வடித்து, புதியதை ஊற்றி, வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். பெட்டி முழுவதும் இறங்கிய நிலையிலும் ஜெக்குக்குள், தண்டைச் சுற்றியுள்ள இடைவெளியிலும் அடியிலும், பழைய ஒயில் நிற்கிறது, ஹோஸிலும் நிற்கிறது. முதல் தடவை தூக்கி இறக்கியவுடன் அது புதிய ஒயிலோடு கலந்துவிடும். சில நாளில் மறுபடியும் மங்கல் தெரியும். "இஞ்சினிலிருந்து தண்ணீர் வருகிறது" என்று வேறு திசையில் தேடத் தொடங்குவார்கள்.

எங்கள் முறை இதுதான். ட்ரக்டரை இரவு முழுவதும் சமதளத்தில் அசையாமல் நிறுத்திவிட்டு, காலையில் இஞ்சினைத் தொடுவதற்கு முன் அடி நட்டைச் சில சுற்று மட்டும் தளர்த்துவோம். பிரிந்து நிற்கும் தண்ணீர் ஒயிலை விடப் பாரம் என்பதால் அதுதான் முதலில் வரும். அது வந்து முடிந்து ஒயில் வரத் தொடங்கியதும் நட்டை இறுக்கி, ட்ரக்டரை ஓட்டிச் சூடேற்றி, பிறகு முழுவதையும் சூட்டோடு வடிப்போம். சூடான ஒயில் அடியில் படிந்த கசடையும் இழுத்துக்கொண்டு வரும். உறிஞ்சும் பக்கத்து வலையையும் பில்டரையும் அப்போதே கழற்றிச் சுத்தம் செய்வோம், அல்லது மாற்றுவோம். பெட்டி முழுவதும் இறங்கி, தண்டில் எந்தப் பாரமும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, ஜெக்கின் அடியில் ஹோஸ் சேரும் நட்டைக் கழற்றி, அங்கே நிற்பதையும் ஹோஸில் உள்ளதையும் வாளியில் வடிப்போம். புதிய ஒயிலை ஊற்றியதும் வெறும் பெட்டியைச் சமதளத்தில் முழு உயரத்துக்கு மெதுவாகப் பல முறை தூக்கி இறக்குவோம். இதனால் ஜெக்கில் எஞ்சிய அழுக்கு வெளியே வருவதோடு, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றும் கியர்பெட்டிக்குத் திரும்பி வெளியேறிவிடும். அதன் பிறகு போத்தலில் எடுத்துப் பார்த்து, இன்னும் மங்கலாக இருந்தால், அந்த ஒயிலை உள்ளே கழுவுவதற்குச் செலவானதாகக் கணக்கில் வைத்து மீண்டும் மாற்ற வேண்டியதுதான். அந்த இரண்டாவது மாற்றத்துக்கு மனம் வராதுதான். ஆனாலும் பம்பின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ட்ரக்டரோடு சேரும் எல்லாப் பெட்டிகளையும் ஒரே நாளில் வடிக்காவிட்டால் இவ்வளவு வேலையும் வீண்.

அடுத்தது அளவு. அளவுக் கம்பியை எப்போதும் பெட்டி முழுவதும் இறங்கிய நிலையில், ட்ரக்டர் சமதளத்தில் நிற்கும்போதுதான் பார்க்க வேண்டும். பெட்டி தூக்கியிருக்கும்போது பார்த்து, குறைகிறது என்று ஊற்றினால், இறக்கும்போது வரும் ஒயிலுக்கு இடமில்லாமல், காற்றுப் போக விட்டிருக்கும் துளையான பிரீதர் வழியாகவோ சீல்களைத் தள்ளிக்கொண்டோ வெளியேறும். ஜெக் எவ்வளவு ஒயிலை எடுத்துக்கொள்கிறது என்பதை எளிதாகக் கணக்கிடலாம். 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தண்டு 90 சென்ரிமீற்றர் வெளியே வருகிறது என்றால், குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர சென்ரிமீற்றர். அதை 90 ஆல் பெருக்கினால் 7 லீற்றருக்குச் சற்று மேல். அதாவது பெட்டி உச்சியில் நிற்கும்போது கியர்பெட்டியில் 7 லீற்றர் குறைந்திருக்கிறது. ட்ரக்டரோடு வராமல் பிறகு வாங்கிப் பூட்டிய பெரிய ஜெக் உள்ளவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். பெட்டி முக்கால் உயரம் வரை நன்றாக வந்து, அதற்கு மேல் நடுங்கிக்கொண்டு நின்றால், பம்ப் ஒயிலோடு காற்றையும் உறிஞ்சத் தொடங்கிவிட்டது என்பதுதான் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். ஒயில் அமுங்காது, காற்று அமுங்கும். அந்த நடுக்கம் அதனால்தான்.

மலைநாட்டில் இதோடு சரிவும் சேர்ந்துகொள்கிறது. மரக்கறித் தோட்டங்களில் எரு கொட்டும் இடம் பெரும்பாலும் ஏற்றத்திலோ இறக்கத்திலோதான் இருக்கும். ட்ரக்டர் சாய்ந்து நிற்கும்போது கியர்பெட்டிக்குள் ஒயில் ஒரு பக்கமாகப் போய்விடும். பம்ப் உறிஞ்சும் இடத்தில் அளவு குறையும். எந்தப் பக்கம் சாய்ந்தால் குறைகிறது என்பது ட்ரக்டருக்கு ட்ரக்டர் மாறும். கந்தப்பளைக்கு மேலே ஒரு கரட் தோட்டத்தில், ஏற்றத்தைப் பார்த்து நிறுத்திய எங்கள் உறவினர் ஒருவரின் ட்ரக்டர் எருவைத் தூக்க மறுத்தது, அதே லோடோடு கீழே கோயிலடிச் சமதளத்துக்கு ஓட்டிவந்து தூக்கச் சொன்னேன், தயக்கமின்றி எழும்பியது. அளவுக் கம்பி கீழ்க்கோட்டில் நின்றிருந்தது. ஒயிலை மேல்கோடு வரை நிரப்பியதோடு அந்தக் கோளாறு தீர்ந்தது. எந்தத் தூக்கும் கோளாறையும் சமதளத்தில் ஒரு முறை சோதித்துப் பார்க்காமல் கராஜுக்குக் கொண்டுபோகக் கூடாது. சரிவில் தூக்குவதால் பெட்டியே பக்கவாட்டில் கவிழ்ந்துவிடும் ஆபத்து வேறு இருக்கிறது. ஈர எருவும் களிமண்ணும் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் மட்டும் வழுக்கி விழுந்தால், பாரம் முழுவதும் ஒரு சில்லின் மேல் வந்துவிடும்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது; ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும் நாட்களும் உண்டு. ஹைட்ரோலிக் ஒயில் கேனில் 32, 46, 68 என்று காணப்படும் எண்கள் 40 பாகை செல்சியஸில் அந்த ஒயிலின் தடிப்பைக் குறிக்கின்றன. 46 என்று எழுதியிருக்கும் சாதாரண ஒயில் 10 பாகையில் ஏறத்தாழ ஐந்து மடங்கு தடிப்பாகிவிடும். 68 இன்னும் மோசம். காலையில் பெட்டி சோம்பலாக எழும்பி, அதைவிடச் சோம்பலாக இறங்கி, பத்து மணிக்குப் பிறகு சரியாகிவிடுகிறது என்றால் எதையும் கழற்றத் தேவையில்லை. சில நிமிடங்கள் ஓடவிட்டு, வெறும் பெட்டியைச் சிறிது சிறிதாகத் தூக்கி இறக்கி ஒயிலைச் சூடேற்றினால் போதும். குளிர்ந்த ஒயிலோடு இஞ்சினை முறுக்கித் தூக்கினால், ஒயில் வேகமாக வந்து சேராமல் பம்ப் வெற்றிடத்தை உறிஞ்சும். அப்போது கேட்கும் ஊளைச் சத்தம் பம்பின் உலோகம் அரிபடுவதன் அடையாளம்.

எந்த ஒயிலை ஊற்றுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது: ட்ரக்டரின் கைநூலில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான். கியரும் ஹைட்ரோலிக்கும் ஒரே ஒயிலில் ஓடும் ட்ரக்டருக்கு, இரண்டு வேலைக்கும் சேர்த்துத் தயாரித்த ஒயில் தேவை. கேனில் யூடிடிஓ என்று அச்சிட்டிருப்பார்கள். டிப்பர் லொறிக்கும் பெக்கோவுக்கும் ஊற்றும் வெறும் ஹைட்ரோலிக் ஒயிலை இதில் ஊற்றினால் பெட்டி நன்றாகத்தான் எழும்பும். பல்சக்கரங்களுக்குப் பாதுகாப்பு குறையும். ஒயிலில் மூழ்கிய பிரேக் உள்ள மாடல்களில் பிரேக்கும் அதே ஒயிலில்தான் இருக்கிறது. பொருந்தாத ஒயில் பிரேக்கை நடுங்க வைக்கும், பிடிப்பைக் குறைக்கும். நிறைலோடோடு ராகலை வளைவுகளில் இறங்குபவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பிரேக் ஒயிலை அவசரத்துக்கு ஹைட்ரோலிக்கில் ஊற்றுவது எந்த நிலையிலும் ஆகாது; கனிம ஒயிலுக்கென்று செய்த ரப்பர் சீல்களை அது உப்ப வைத்துக் கெடுத்துவிடும்.

தூக்கிய பெட்டி தானாகவே மெல்ல இறங்குவது இன்னொரு பொதுக் கோளாறு. இதில்தான் தேவையில்லாமல் ஜெக்குகள் பிரிக்கப்படுகின்றன. எங்கள் பெட்டிகளில் இருப்பது ஒரு பக்கம் மட்டும் ஒயில் தள்ளும் ஜெக். தண்டு வெளியே வரும் வாயில் மட்டுமே சீல் இருக்கிறது. அந்தச் சீல் தேய்ந்தால் ஒயில் வெளியேதான் வரமுடியும். தண்டு வழியே வழிந்து, கீழே சொட்டி, தூசியோடு சேர்ந்து கறுத்த பட்டையாக ஒட்டிக்கொள்ளும். உள்ளே பிஸ்டனும் மேலே பிரீதரும் உள்ள வகையாக இருந்தால் பிரீதர் வழியாக ஒயில் வரும். ஜெக்கும் ஹோஸும் இணைப்புகளும் வெளியே காய்ந்து சுத்தமாக இருந்து பெட்டி இறங்குகிறது என்றால், ஒயில் ட்ரக்டரின் வால்வு வழியாகத் திரும்பிப் போகிறது. ஜெக்கைப் பிரிப்பதால் ஒரு பயனும் இல்லை. பெரும்பாலும் ஒரு சிறு அழுக்குத் துகள் வால்வின் இருக்கையில் சிக்கியிருக்கும். ஒயிலைச் சுத்தமாக்கியதும் தானாகவே சரியானவற்றைக் கண்டிருக்கிறேன். இதற்கு மாறாக, பெட்டி எழும்பியபின் இறங்கவே மறுத்தால், கப்ளர் முழுவதும் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளாமல் பாதியில் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இழுபட்டு மடிந்த ஹோஸும் அதையே செய்யும்.

இந்தச் சோதனைகளை எல்லாம் செய்வதற்கு முன் உயிரைக் காக்கும் இரண்டு விடயங்கள். ட்ரக்டரின் ஹைட்ரோலிக் அழுத்தம் 150 பாருக்கு மேலே போகும். மேலே சொன்ன 10 சென்ரிமீற்றர் தண்டில் அந்த அழுத்தம் ஏறத்தாழ 12 தொன் தள்ளுவிசையாகிறது. அதே அழுத்தத்தில் ஹோஸில் ஊசித்துளை ஒன்று விழுந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒயில் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஆரம்பத்தில் சிறு குத்து போலத்தான் இருக்கும். வலிகூட அதிகம் இராது. ஆனால் உள்ளே சென்ற ஒயில் தசையைச் சாகடிக்கிறது. சில மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். ஒழுக்கைத் தேடும்போது கையால் தடவாமல் ஒரு காட்போட் அட்டையை நீளமாகப் பிடித்து நகர்த்த வேண்டும். அப்படி யாருக்காவது குத்திவிட்டால், பார்ப்பதற்குச் சிறு காயமாக இருந்தாலும், வைத்தியசாலையில் "அழுத்த ஒயில் உள்ளே போயிருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

மற்றது, தூக்கிய பெட்டிக்குக் கீழே ஒயிலை மட்டும் நம்பித் தலையை நுழைப்பது. ஹோஸ் வெடித்தாலும், யாராவது லீவரைத் தட்டிவிட்டாலும், பெட்டி ஒரே மூச்சில் விழும். சட்டத்தோடு கீல் போட்டு ஒட்டிய, பெட்டியின் பாரத்தைத் தாங்கக்கூடிய இரும்பு முட்டு ஒவ்வொரு பெட்டியிலும் இருக்க வேண்டும். வெறும் பெட்டியைத் தூக்கி, அந்த முட்டுக்காலை நிறுத்தி, பெட்டியை அதன் மேல் இறக்கி அமர்த்திய பிறகே உள்ளே போக வேண்டும். விறகுக் கட்டையை முட்டாக வைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வடித்த ஒயிலைக் கானில் (வடிகாலில்) ஊற்றக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நானுஓயா கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலிக்குப் போகிறது; இங்கே கானில் ஊற்றுவது கீழே பல ஊர்களின் குடிநீரிலும் வயலிலும் போய்ச் சேர்கிறது. பழைய ஒயிலை மூடியுள்ள கேன்களில் சேர்த்து வைத்து, கழிவு ஒயில் எடுப்பவர்களிடம் கொடுக்கிறோம். தண்ணீர் கலந்ததைத் தனியாக அடையாளமிட்டுக் கொடுக்கிறோம்.

எங்கள் இரண்டு பெட்டிகளின் முன்பலகையிலும் எந்த ஒயில், எந்தத் திகதியில் மாற்றியது, ஜெக்குக்கு எத்தனை லீற்றர் தேவை என்பவற்றை வெள்ளைப் பெயின்டால் எழுதியிருக்கிறோம். பெட்டியை இரவல் கேட்டு வருபவர்களுடைய ட்ரக்டரின் அளவுக் கம்பியை, அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் உருவிப் பார்க்கிறோம். ஒயில் மங்கலாக இருந்தால் அன்று பெட்டியைக் கொடுப்பதில்லை. அவர்களுடைய லோடை எங்கள் ட்ரக்டரிலேயே ஏற்றிக் கொடுத்துவிட்டு, ஒயிலை எப்படி வடிப்பது என்று சொல்லி அனுப்புகிறோம்.